கண் மருந்துக்குக் காசு யார் தருவது?



எங்கள் வீட்டுச் சாமி மேடையில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அளவுள்ள ஒரு சிறு போத்தல் நெடுநாள் இருந்தது. அது என் தாத்தாவின் கண்ணுக்குப் போடும் சொட்டு மருந்து. கெடாவில் ஒரு கித்தாத் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர் அவர். 1990-களின் இறுதியில் அவருடைய ஓரப் பார்வை மங்கத் தொடங்கியது. பட்டணத்து மருத்துவமனையில் சோதித்துப் பார்த்து, கண் அழுத்த நோய் என்று சொன்னார்கள். இரண்டு சொட்டு மருந்துகளை எழுதிக் கொடுத்தார்கள். ஒன்று அங்கேயே கிடைத்தது. மற்றொன்றை வெளியே மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் விலையைக் கேட்ட தாத்தா ஒன்றும் பேசவில்லை. மடியிலிருந்த காசை எண்ணிக் கொடுத்து ஒரு போத்தல் வாங்கினார்.

ஒரு மாதத்துக்கு வர வேண்டிய அந்த மருந்து எங்கள் வீட்டில் மூன்று மாதம் வந்தது. நாள்தோறும் போட வேண்டியதை அவர் மூன்று நாளைக்கு ஒரு முறை போட்டார். "மருந்து போடுகிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டபோது, "போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் ஐயா" என்றார். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. முதலில் ஒரு கண் இருண்டது. பிறகு மற்றொன்றும் இருண்டது.

சில ஆண்டுகள் கழித்து, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் படித்துக்கொண்டிருந்தபோது, தோழர் ஒருவரின் தாயாரைப் பார்க்க அதே மருத்துவமனைக்குப் போனேன். மருந்து கொடுக்கும் சாளரத்திலிருந்து ஐம்பது அடி தள்ளி ஒரு கதவு இருந்தது. அதன்மேல் மலாயில் 'கெர்ஜா சோசியல் பெருபாத்தான்' என்று எழுதியிருந்தது. மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு என்று பொருள். மருந்து வாங்க வழியில்லாதவர்கள் வந்து சொல்ல வேண்டிய இடம் அது. தாத்தா ஒவ்வொரு முறையும் அந்தக் கதவைக் கடந்துதான் நடந்திருக்கிறார். அவரும் கேட்கவில்லை. அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போன நாங்களும் கேட்கவில்லை.

இன்றைய என் பேச்சு அந்தக் கதவின் வரலாறு. ஏழையின் கண் மருந்துக்குக் காசு யார் தருவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் என்ன விடை கிடைத்தது என்பதைப் பார்ப்போம்.

முதலில் நாம் லண்டன் மாநகருக்குப் போக வேண்டும். 1800-களின் தொடக்கத்தில், எகிப்தில் போரிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் ட்ரக்கோமா என்னும் கண் தொற்றோடு வந்தார்கள். பலர் பார்வை இழந்தார்கள். ஏழைகளின் கண்ணைக் கவனிப்பதற்காக 1805-ஆம் ஆண்டு ஜான் கன்னிங்ஹாம் சாண்டர்ஸ் என்ற மருத்துவர் ஒரு மருந்தகத்தைத் தொடங்கினார். அதுவே இன்று உலகப் புகழ் பெற்ற மூர்பீல்ட்ஸ் கண் மருத்துவமனை. அது தோன்றிப் பதினான்கே ஆண்டுகளில், 1819-ஆம் ஆண்டு, நம் முன்னோர் கப்பலேறிய சென்னப்பட்டணத்தில் ஒரு கண் மருத்துவமனை எழுந்தது. ராபர்ட் ரிச்சர்ட்சன் என்ற மருத்துவர் அதைத் தொடங்கினார். இன்று எழும்பூரில் இருக்கும் அரசினர் கண் மருத்துவமனை அதுதான். ஆசியாவிலேயே மிகப் பழைய கண் மருத்துவமனை ஒரு தமிழ் நகரத்தில் இருக்கிறது என்பது நாம் பெருமைப்படக்கூடிய செய்தி அல்லவா?

இந்த இடங்களில் ஏழைகளுக்கு மருத்துவம் கிடைத்தது. ஆனால் கூட்டம் பெருகப் பெருக, உண்மையில் கையில் காசில்லாதவர் யார் என்ற கேள்வியும் எழுந்தது. 1895-ஆம் ஆண்டு லண்டன் ராயல் பிரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்ற அம்மையாரை இதற்கென்றே நியமித்தார்கள். நோயாளிகளிடம் பேசி, அவர்களுடைய வரும்படி என்ன, கட்டணம் கட்ட முடியுமா என்று விசாரிப்பது அவர் வேலை. வசதியுள்ளவர்கள் இலவச மருத்துவத்தைப் பயன்படுத்திக்கொள்வதைத் தடுப்பதே அப்பதவியின் முதல் நோக்கம். ஆனால் ஏழைகளின் வீட்டு நிலைமையைக் கேட்கக் கேட்க, அந்த வேலையின் முகமே மாறியது. தடுக்க வந்தவர்கள் உதவி தேடித் தருபவர்கள் ஆனார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1950-களில், இந்தப் பணி மலாயா மருத்துவமனைகளுக்கும் வந்து சேர்ந்தது. நான் பார்த்த அந்தக் கதவுக்குப் பின்னே இருந்த மேசை, மேரி ஸ்டூவர்ட் அம்மையாரின் மேசையின் வழி வந்ததுதான்.

அந்த மேசை நம் நாட்டுக்கு வருவதற்கு முன் தோட்டத்து மக்களுக்கு யார் மருந்து கொடுத்தார்கள்? வயதானவர்களைக் கேட்டால் ஒரே பதில் வரும்: டிரசர்.

கித்தாத் தோட்டங்கள் பெருகிய காலத்தில் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் நம் மக்களைக் கூட்டங் கூட்டமாகக் கொன்றன. ஆள் செத்தால் பால் வெட்ட ஆளில்லை. இந்தியாவிலிருந்து ஆள் அனுப்புவதைப் பற்றி அங்கேயும் கேள்விகள் எழுந்தன. எனவே கூட்டு மலாய் மாநிலங்களில் 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பும், அதன்பின் 1923-ஆம் ஆண்டின் தொகுப்பும், தோட்டத்தில் மருத்துவ வசதி செய்து தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கின. கெடா அந்தக் கூட்டில் சேராத மாநிலம். 1909 வரை சயாமின் ஆதிக்கத்தில் இருந்தது. ஆயினும் இங்கும் தொழிலாளர் சட்டம் பின்னர் வந்தது. துரைமார்களின் மனம் இளகியதால் மட்டும் வந்தவை அல்ல இவை. கட்டாயம் வந்தபிறகே வந்தவை. அதனால்தான் சொல்கிறேன், தோட்டத்து மருந்து ஒருபோதும் பிச்சையாக இருந்ததில்லை. நம் முப்பாட்டன்மார் உயிரைக் கொடுத்து வாங்கிய உரிமை அது.

நான் சிறுபிள்ளையாக இருந்த 1980-களில்கூட, எங்கள் தோட்டத்து டிரசர் ஐயா காலையில் பெரட்டு முடிந்ததும் மருந்துக் கொட்டகையைத் திறப்பார். கண் சிவந்து வருபவர்களுக்கு ஒரு மஞ்சள் களிம்பை இமைக்குள் தடவி அனுப்புவார். காசு என்ற பேச்சே கிடையாது. 1965-ஆம் ஆண்டில் வந்த தனிச் சட்டத்தின்படி அவரைப் போன்ற தோட்ட மருத்துவ உதவியாளர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. யார் வேண்டுமானாலும் டிரசர் ஆகிவிட முடியாது என்ற நிலை அதனால் ஏற்பட்டது.

ஆனால் டிரசரின் அலமாரியில் இருந்தவை சில நாளில் ஆறும் நோய்களுக்கான மருந்துகள். ஆயுள் முழுதும் போட வேண்டிய மருந்து அங்கே இல்லை. அதோடு அந்த அலமாரியும் எல்லோருக்கும் நிலைக்கவில்லை. 1950-களில் பெரிய தோட்டங்கள் பல துண்டு துண்டாக விற்கப்பட்டன. துண்டான இடத்தில் வேலையும் போயிற்று, வீடும் போயிற்று, மருந்துக் கொட்டகையும் போயிற்று. பிற்காலத்தில் கித்தா போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. நம் பிள்ளைகள் சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். வயதானவர்களும் பின்னாலே போய் அடுக்குமாடி வீடுகளில் குடியேறினார்கள். அங்கே டிரசர் இல்லை.

டிரசர் விட்டுப்போன இடத்தை நிரப்பியது எது? இரண்டைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, சொக்சோ. 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் வழி உருவான இத்திட்டம் 1971-இல் நடைமுறைக்கு வந்தது. செம்பனைக் குலை அறுக்கும்போது மட்டைத் தூசியோ முள்ளோ கண்ணில் பட்டால், அது வேலையிடத்து விபத்து. குணமாகும்வரை ஆகும் மருத்துவச் செலவு இத்திட்டத்தைச் சேர்ந்தது. நான்கு நாளோ அதற்கு மேலோ மருத்துவ விடுப்பு கிடைத்தால், சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆனால் நம்மவர் பலர் என்ன செய்கிறார்கள்? கண்ணைக் கசக்கிவிட்டு, தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விட்டுவிட்டு, மறுநாளும் வேலைக்குப் போகிறார்கள்.

இது எவ்வளவு தவறு என்பதற்கு நேப்பாளத்தில் ஒரு சான்று உண்டு. பக்தபூர் என்ற வட்டாரத்தில் கண்ணின் கருவிழியில் கீறல் பட்ட 442 பேருக்கு, ஒரு சாதாரணக் களிம்பை நாளுக்கு மூன்று வேளை, மூன்று நாள் போட்டார்கள். போட்டவர்கள் கிராமத்துத் தொண்டர்கள். 100-க்கு 96 பேருக்குப் புண் வராமலே ஆறியது. அடிபட்டு 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 2001-ஆம் ஆண்டு இந்த ஆய்வு வெளியாயிற்று. அன்றே போட்டால் சில காசு பெறும் களிம்பு போதும். ஒரு வாரம் கழித்துப் போனால், விலை உயர்ந்த மருந்தும் மாதக்கணக்கான விடுப்பும் வேண்டியிருக்கும். அதன் பிறகும் கண் கிடைக்குமா என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, அரசாங்க மருத்துவமனை. 1982-ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டண ஆணை, குடிமக்கள் வெளிநோயாளியாகப் போய்ப் பார்க்க ஒரு வெள்ளி என்று வைத்தது. அரசாங்கக் கிளினிக்கின் கடிதத்தோடு நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. மருந்தும் அதற்குள்ளேயே அடக்கம். உலகில் பல நாட்டு ஏழைகளுக்குக் கிட்டாத ஏற்பாடு இது. மீதிச் செலவை வரிப்பணம் தாங்குகிறது. அதில் நாம் வாங்கும் பொருள்களுக்குக் கட்டும் வரியும் சேர்ந்திருக்கிறது.

ஆனால் அமைச்சுக்கு ஒரு மருந்துப் பட்டியல் உண்டு. புதிதாக வரும் மருந்துகள் அதில் உடனே ஏறிவிடுவதில்லை. பட்டியலில் இல்லாததை நோயாளி வெளியே வாங்க நேர்கிறது. தாத்தாவின் போத்தல் அந்த இடைவெளியில்தான் விழுந்தது. இந்த இடைவெளிக்காகவே 2005-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு மருத்துவ உதவி நிதி ஒன்றை ஏற்படுத்தியது. மலாயில் 'தாபோங் பந்துவான் பெருபாத்தான்' என்பார்கள். அரசாங்க மருத்துவமனை நிபுணர் இன்ன மருந்து, இன்ன கருவி தேவை என்று எழுத வேண்டும். குடும்பத்தின் வருமானத்தை விசாரித்து மனுவை மேலே அனுப்புவது, நான் சொன்ன அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும் மருத்துவச் சமூகப் பணி அதிகாரியின் வேலை. 2019-இல் பெக்கா பி40 என்ற திட்டமும் வந்தது. குறைந்த வருமானக் குடும்பங்களில் வயது வந்தவர்களுக்கு இலவச உடற்சோதனையும், கண்புரை அறுவையில் வைக்கும் செயற்கை வில்லை போன்ற கருவிகளுக்கு உதவியும் இதில் அடங்கும்.

இவை ஏன் நமக்கு முக்கியம்? 2014-ஆம் ஆண்டு நம் நாட்டில் எடுத்த கண் கணக்கெடுப்பில், 50 வயதுக்கு மேற்பட்டோரிடையே பார்வை இழந்த ஒவ்வொரு 100 பேரில் ஏறத்தாழ 59 பேருக்குக் காரணம், அறுவை செய்யாமல் விட்ட கண்புரை. சுமார் 10 பேருக்கு இனிப்புநீர். சுமார் 7 பேருக்குக் கண் அழுத்தம். கண்புரையை அறுவையால் போக்கலாம். மற்ற இரண்டையும் காலத்தில் கண்டால் கட்டுப்படுத்தலாம். ஆனால் கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலிக்காது. போன பார்வை திரும்பாது. மருந்து இருப்பதைக் காக்கும், அவ்வளவே. வலி இல்லாததால் மருந்தை நிறுத்தலாமோ என்று தோன்றும். கையில் காசில்லாதபோது அந்த எண்ணம் மேலும் வலுக்கும்.

இதுவரை, விலையை யார் கட்டுவது என்று மட்டும் பார்த்தோம். விலை ஏன் இவ்வளவு என்றும் கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் தமிழர், மதுரைக்காரர்கள் நன்கறிந்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. 1918-இல் வடமலாபுரம் என்ற சிற்றூரில் பிறந்தவர். இளமையிலேயே மூட்டு வாதத்தால் விரல்கள் கோணிப்போயின. அந்தக் கோணல் விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி, எண்ணற்ற கண்களுக்கு அறுவை செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976-இல், 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கொடுக்க முடிந்தவரிடம் வாங்கி, முடியாதவருக்கு இலவசமாகச் செய்வது அவர் வகுத்த வழி.

கண்புரை அறுவையில் வைக்கும் வில்லை அக்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒன்று 100 அமெரிக்க டாலர் வரை ஆயிற்று. அவ்வளவு கொடுத்து எத்தனை ஏழைகளுக்கு வைக்க முடியும்? 1992-இல் அரவிந்த் மருத்துவமனையின் சார்பில் அரோலேப் என்ற தொழிற்கூடம் உருவாயிற்று. அது வில்லையைத் தானே செய்து சுமார் 10 டாலருக்குக் கொடுத்தது. பின்னர் கண் மருந்துகளையும் செய்யத் தொடங்கியது. ஒருவருக்கு உதவித்தொகை கொடுத்தால் ஒருவர் பிழைப்பார். விலையையே இறக்கினால் யாரிடமும் கைநீட்டாமல் ஆயிரம் பேர் பிழைப்பார்கள்.

மேல்நாட்டிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. வயோதிகத்தில் விழித்திரையைக் கெடுக்கும் ஒரு நோய்க்கு, லூசென்டிஸ் என்ற ஊசி மருந்து வந்தது. ஒரு முறைக்குச் சுமார் 2,000 டாலர். புற்றுநோய்க்கென வந்த அவாஸ்டின் என்ற மருந்தைச் சிறு அளவாகப் பிரித்துப் போட்டால் சுமார் 50 டாலர்தான். அமெரிக்க அரசின் செலவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, இரண்டும் பார்வையைக் காப்பதில் ஒப்பானவை என்று 2011-இல் காட்டியது. ஆகவே, "இதே வேலையைச் செய்யும் விலை குறைந்த மருந்து உண்டா?" என்று மருத்துவரைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாற்றிக் கொடுக்கலாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். நாமாகவே மாற்றிக்கொள்வது ஆபத்து. அடுத்த வீட்டுக்காரரின் சொட்டு மருந்தை வாங்கிப் போடுவதும் அப்படியே. சில மருந்துகளில் ஸ்டீராய்டு உண்டு. அதுவே கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

மருந்து முழுக்க இலவசமானால் சிக்கல் தீர்ந்துவிடுமா? ஆப்பிரிக்காவின் கதை வேறு விதமாகச் சொல்கிறது. ஆற்றோரக் கிராமங்களில் ஒருவகை ஈ கடித்துப் பரவும் நோயால் ஊர் ஊராக மக்கள் பார்வை இழந்தார்கள். 1987-இல் மெர்க் என்ற மருந்து நிறுவனம், அந்நோய்க்கான மாத்திரையைத் தேவைப்படும் வரையில் இலவசமாகத் தருவதாக அறிவித்தது. ஆனால் மாத்திரை துறைமுகத்துக்கு வந்தால் போதுமா? காட்டுக் கிராமத்துக் கிழவியின் கைக்கு அதை யார் கொண்டுபோவது? 1990-களில் அந்தந்த ஊர் மக்களே தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் ஒரு கோலால் ஆளின் உயரத்தை அளந்து, அதற்கேற்ற மாத்திரையைக் கொடுத்தார். பிறகுதான் மருந்து வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

நேயர்களே, நமக்கும் அப்படி ஒருவர் வேண்டும். ஒவ்வொரு குடும்பத்திலும் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை இருக்கிறது. அந்தப் பிள்ளைதான் இன்றைய டிரசர். தாத்தா பாட்டியோடு மருத்துவமனைக்குப் போகும்போது, மருந்துச் சாளரத்தில் இரண்டு கேள்வி கேட்கட்டும். இவற்றில் எதையாவது வெளியே வாங்க வேண்டுமா? வேண்டுமானால் அதற்கு உதவி உண்டா? பிறகு அந்தக் கதவைத் தேடிப் போகட்டும். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, மருத்துவர் எழுதிய தாள் மூன்றையும் ஓர் உறையில் போட்டு எடுத்துப் போனால் அலைச்சல் குறையும்.

வீட்டிலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு வேலை உண்டு. 2.5 மில்லிலிட்டர் போத்தலில் ஏறத்தாழ 80 சொட்டு இருக்கும். கண்ணுக்கு ஒரு சொட்டே போதும். அதற்கு மேல் விட்டால் கன்னத்தில்தான் வழியும். இரவுக்கு ஒரு முறை, இரண்டு கண்ணுக்கும் ஒவ்வொரு சொட்டு என்றால் 40 நாள் கணக்கு. மூன்று மூன்று சொட்டாகப் பிதுக்கினால் இரண்டு வாரம்கூட வராது. மூடியைத் திறந்த தேதியைப் போத்தலில் எழுதி, அதில் குறித்துள்ள கெடு முடிந்ததும் எறிந்துவிட வேண்டும். என் வகுப்பில் பெருக்கல் கணக்குக்கு நான் இதைத்தான் கொடுக்கிறேன். சென்ற முறை ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், எங்க பாட்டி போத்தல் தீபாவளிக்கு வாங்கினது" என்றாள். அப்போது மாசி மாதம். அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனேன். மறுவாரம் நாங்கள் மூவரும் மருத்துவமனைக்குப் போய், அந்தக் கதவைத் தட்டினோம். உள்ளே இருந்த அம்மையார், "முன்னமே வந்திருக்கலாமே, பாட்டி" என்றார்.

பாட்டி சொன்ன பதில் என் காதில் இன்னும் இருக்கிறது. "கேக்கலாம்னு யாரும் சொல்லலையேம்மா."

இன்று சொல்லிவிட்டேன். கேட்டவர்கள், கேளாத மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.